நடைச் சவாலுக்கு ஆள்வாரிப் பட்டியல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒக்ரோபர் 10 உலக உளநல நாள். அதையொட்டி உளநல அமைப்பொன்றுக்கு நிதி சேர்க்க, கந்தோர்க் குழுக்களாக நடைச் சவால் நடத்த எண்ணும் நலன்புரிச் சங்கங்களுக்கு இதை எழுதுகிறேன்.

ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்தாயிரம் காலடி என்று இலக்கு வைக்காதீர்கள். அந்த எண் 1965இல் யப்பானில் விற்பனைக்கு வந்த காலடிமானியின் பெயரால் பரவியது. மருத்துவர்கள் அளந்து சொன்னதல்ல. நாள் முழுக்கக் கதிரையில் இருப்பவர் முதல் நாளே அதற்கு முயன்றால் இரண்டொரு நாளில் கணுக்காலும் கெண்டைக்காலும் நோவெடுத்து விலகிவிடுவார். ஆளாளின் கணக்கை வரிசைப்படுத்தும் வட்ஸ்அப் பட்டியலின் அடியில் அவர் பெயர் மாதம் முழுக்கக் கிடக்கும். மனச்சோர்வை ஒருவருக்கும் சொல்லாமல் வேலைக்கு வந்துபோகிறவருக்கு அது எவ்வளவு வலிக்கும்! அவருக்காகத்தானே இந்த நடை. குழுவின் கூட்டுத்தொகையை மட்டும் எழுதுங்கள்.

அளவுக்கு ஏ-9 வீதியை வைத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி 321 கிலோமீற்றர். போய்த் திரும்ப 642. பத்துப் பேர் குழுவில் ஆளுக்கு 64 சொச்சம். வாரம் ஐந்து நாளாக, முதல் வாரம் நாளுக்கு 2 கிலோமீற்றர், அடுத்த வாரம் 3, கடைசி இரண்டு வாரமும் 4 என்று ஏற்றினால் 65 வந்துவிடும். நாலு கிலோமீற்றர் ஏறத்தாழ 50 நிமிட நடை; வாரத்துக்கு 250 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 முதல் 300 நிமிடத்துக்குள் அது அடங்கும்.

முழங்கால் நோவுள்ளவர், கர்ப்பிணிகள் தங்களுக்கு ஏற்ற பயிற்சியைச் செய்யட்டும். 12 நிமிடத்தை ஒரு கிலோமீற்றராக எடுக்கலாம். சைக்கிள் என்றால் மூன்று கிலோமீற்றரை ஒன்றாக எடுக்கலாம். தீவுகளுக்குப் போகும் பண்ணைப் பாலத்தால் சைக்கிள் ஓடுகிறவர்கள் சோளகத்தை, அதாவது தென்மேற்குக் காற்றை மறக்கக்கூடாது, தீவுப்பக்கம் போகும்போது எதிர்க்காற்றுத்தான். போன் காட்டும் காலடியை நம்பவும் வேண்டாம். மோட்டார் சைக்கிள் குலுக்கத்தையும் சில போன்கள் நடையாக எண்ணும். 400 மீற்றர் ஓடுபாதையில் பத்துச் சுற்று நாலு கிலோமீற்றர், அதில் குழப்பமில்லை.

செப்ரெம்பர் 13 தொடங்கினால் ஒக்ரோபர் 10 வரை சரியாக 28 நாள். நல்லூர்த் திருவிழாவும் பெரும்பாலும் முடிந்திருக்கும். விரத வயிற்றோடு நடக்கவேண்டி வராது. பிந்தினால் மழை பிடிக்கும். வெயில் ஏறுமுன், காலை ஏழுக்குள் முடியுங்கள். இன்சுலின் போடுபவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு, சட்டைப்பையில் குளுக்கோஸோடு வரவேண்டும்.

காசு விடயத்தில்தான் பல நல்ல முயற்சிகள் கெட்டுப்போகின்றன. சம்பளத்தில் வெட்டாதீர்கள், மேலதிகாரி பட்டியலோடு மேசை மேசையாக வருவதும் கட்டாயப்படுத்துவதுதான். வாக்குக் கொடுத்த தொகையை நடை தொடங்குமுன் வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள், பிறகு கேட்டால் பாதிதான் வரும். இரண்டு பேர் கையெழுத்திடும் தனிக் கணக்கு வேண்டும். ரீசேட் அச்சடிப்பதை விட்டுவிடலாம், சேர்ந்த காசில் பெரும்பங்கை அதுவே விழுங்கும்.

எதற்குக் கொடுப்பது என்பதையும் முதலே அமைப்போடு பேசி முடிவெடுங்கள். அரச வைத்தியசாலைகளில் உளநலச் சிகிச்சை இலவசம். ஆனால் தீவகத்திலிருந்து தெல்லிப்பழை வைத்தியசாலைக்குக் கிளினிக் வரும் ஒருவருக்குப் பஸ் காசும், கூட வருபவரின் ஒருநாள் கூலியும் போகும். அதனால் தவணை தவறினால் மருந்தும் நின்றுவிடும். அந்தப் பயணச் செலவை ஏற்றால் கொடுத்த காசு நேரே நோயாளியைச் சேரும்.

கந்தோரில் குழு நடந்த தூரத்தைக் காட்ட ஏ-9 படம் ஒட்டும் இடத்திலேயே தேசிய உளநல உதவி இலக்கம் 1926ஐயும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
யாழ்ப்பாணம்.