செல்ட்னம் முடிவில் அதிர்ச்சி எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 மார்ச் 14 வெள்ளிக்கிழமை இங்கிலாந்தில் நடந்த செல்ட்னம் கோல்டு கப் குதிரைப் பந்தயத்தைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்திக்கு ‘நடப்புச் சாம்பியனுக்கு அதிர்ச்சித் தோல்வி’ என்று தலைப்பிட்டிருந்தீர்கள். அதற்கு முன்தினம் வந்த முன்னோட்டத்தில் குதிரைகளின் பெயர்களும் அவற்றுக்கு எதிரே பந்தய விகிதங்களும் மட்டுமே இருந்தன. இரண்டையும் சேர்த்துப் படிக்கிற வாசகர், இதெல்லாம் குருட்டு அதிர்ஷ்டம் என்ற முடிவுக்குத்தான் வருவார். அந்த எண்ணம் தவறு என்று உறுதியாக நம்புவதால் இதை எழுதுகிறேன்.

நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவள். பணிக்காலத்தில் பெரும்பாலும் மாடும் ஆடும்தான் பார்த்தேன். நடுவில் சில ஆண்டுகள் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகு மகன் குடும்பத்தோடு குளோஸ்டரில் இருக்கிறேன். செல்ட்னம் எங்களுக்குப் பக்கத்து ஊர். பணம் கட்டும் வழக்கம் எனக்கு இல்லை, யாரையும் கட்டச் சொல்லவும் மாட்டேன். வேலி தாண்டும் குதிரையின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதில்தான் எனக்கு ஈடுபாடு.

நம்மவர்களுக்குத் தெரிந்தது கிண்டி, பெங்களூரு, உதகை ரேஸ். அவை சமதளத்தில் ஒன்றிரண்டு நிமிடங்களில் முடிகிற வேக ஓட்டங்கள். கோல்டு கப்போ மூன்றேகால் மைலுக்கும் சற்றுக் கூடுதலான தூரம், சுமார் 5.3 கிலோமீட்டர். வழியில் 22 வேலிகள். ஒவ்வொன்றும் குறைந்தது நான்கரை அடி உயரம். கடைசி வேலியைத் தாண்டிய பிறகும் இருநூறு கஜத்துக்கு மேல் மேட்டில் ஏறி ஓட வேண்டும். முதுகில் ஜாக்கியும் சேணமுமாக 11 ஸ்டோன் 10 பவுண்டு, ஏறத்தாழ 74 கிலோ. பெண் குதிரைக்கு மட்டும் 7 பவுண்டு சலுகை உண்டு.

குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கால் மட்டுமே விடும். நாலுகால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று இரண்டும் இணைந்தே நடக்கும். வேலிக்கு மேலே பறக்கிற கணத்தில் அந்த மூச்சு நிற்கிறது. சீராகத் தாண்டும் குதிரைக்கு அது ஒரு சிறு இடைவெளிதான். கால் இடறி, தடுமாறி இறங்கும் குதிரையோ தாளம் கெட்டு, அதை மீட்டெடுக்க நாலைந்து பாய்ச்சல்களைச் செலவழிக்கும். இப்படி 22 வேலிகளில் ஐந்தாறு இடத்தில் நடந்தால், கடைசி மேட்டில் கொடுக்க அதனிடம் எதுவும் மிஞ்சாது. பழனி மலையில் முதல் நூறு படிகளை ஓடி ஏறியவர் மேலே எந்த நிலையில் போய்ச் சேருவார் என்பது நமக்குத் தெரியும்தானே. ஆகவே ஒரு குதிரை ‘வேகமானது’ என்று எழுதினால் இங்கே பாதி செய்திகூட இல்லை. எப்படித் தாண்டுகிறது, எவ்வளவு தூரம் வரை மூச்சு தாக்குப்பிடிக்கிறது, எந்த ஈரத் தரையில் நன்றாக ஓடியிருக்கிறது, இந்த மேட்டில் ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்பதையெல்லாம் சொன்னால்தான் அது முன்னோட்டம்.

அன்றைய முக்கியக் குதிரைகளை இந்தக் கண்ணோடு பார்ப்போம்.

கலோபான் தே ஷான், ஒன்பது வயது. அயர்லாந்தின் வில்லி மலின்ஸ் லாயத்துக் குதிரை, ஜாக்கி பால் டவ்னென்ட். 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் கோல்டு கப் வென்றது. பிப்ரவரியில் லெபர்ட்ஸ்டவுனில் ஐரிஷ் கோல்டு கப்பை மூன்றாம் முறையாகத் தொடர்ந்து வென்று வந்திருந்தது. இதைவிடக் கனமான தகுதி அன்று வேறு எந்தக் குதிரைக்கும் இல்லை. 8/13 என்ற விகிதத்தில் ஓடியது, அதாவது 13 பவுண்டு கட்டினால் லாபம் வெறும் 8. அந்த விகிதத்தையே கணக்குப் போட்டால் வெற்றி வாய்ப்பு சுமார் 62 சதவீதம் வரும். எட்டு முறை ஓடினால் மூன்று முறை தோற்கும் என்று சந்தையே சொல்லிவிட்டது. அந்த மூன்றில் ஒன்று நடந்ததை அதிர்ச்சி என்பது எப்படி?

வரலாறும் அதையே சொல்கிறது. 1924இல் இது வேலிப் பந்தயமாகத் தொடங்கியதிலிருந்து தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்ற குதிரைகள் நான்கே நான்கு. 1930களில் கோல்டன் மில்லர், 1948–50இல் காட்டேஜ் ரேக், 1964–66இல் ஆர்க்கிள், 2002–04இல் பெஸ்ட் மேட். கோல்டன் மில்லர் 1932 முதல் 1936 வரை ஐந்து முறை வென்றது தனிக் கதை. அண்மையில் அல் பூம் ஃபோட்டோ 2019, 2020இல் வென்றுவிட்டு 2021இல் மூன்றாவதாக வந்தது. அதற்கு முன்பு லெஸ்கார்கோ 1970, 1971 என இரண்டோடு நின்றது. உச்சத்தில் இருக்கும் ஒரு குதிரையின் தசைநாணும் மூட்டும் நுரையீரலும் இத்தகைய பந்தயங்களை மூன்று பருவம் ஒரே மாதிரி தாங்குவது அபூர்வம். வைத்தியம் பார்த்தவளாக இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

அடுத்து, வென்ற குதிரை. அதன் பெயர் முழுவதும் ஒரே சொல்லாக எழுதப்படுவது: ஐநோதவேயுவர்திங்கின். இனிமேல் திங்கின் என்று சுருக்கிக்கொள்கிறேன். ஏழு வயது. பயிற்சியாளர் கேவின் குரோம்வெல், லாடம் அடிக்கும் தொழிலிலிருந்து பயிற்சிக்கு வந்தவர். குதிரையின் குளம்பைக் கையில் ஏந்திப் பழகிய மனிதர் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மதிப்பு உண்டு. உரிமையாளர் ஜே.பி. மெக்மனஸ், ஜாக்கி மார்க் வால்ஷ். விகிதம் 15/2.

பிப்ரவரியில் ஐரிஷ் கோல்டு கப்பில் இது நான்காவதாகத்தான் வந்தது. தங்கள் முன்னோட்டத்தில் இந்தக் குதிரைக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கப்பட்டதற்கு அதுதான் காரணமாக இருக்கும். ஆனால் 2024 மார்ச்சில் இதே செல்ட்னத்தில் கிம் மியூர் என்ற மூன்றேகால் மைல் பந்தயத்தை வென்றிருக்கிறது. தொழில்முறை அல்லாத ஜாக்கிகள் ஓட்டும் பந்தயம் என்பதால் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. தூரம் கிட்டத்தட்ட கோல்டு கப் தூரம். அதே மேடு, அதே கடைசி வேலி. அடுத்த மாதமே இங்கிலாந்தின் ஏன்ட்ரி மைதானத்தில் முதல் தரப் பந்தயம் ஒன்றையும் வென்றது. லெபர்ட்ஸ்டவுன் பந்தயம் மூன்று மைலுக்குச் சற்றே கூடுதல்தான். தூரம் நீள நீள நன்றாக ஓடும் குதிரைக்கு அங்கே கிடைக்காத இடம் செல்ட்னத்தில் கிடைக்கும் என்பதை ஊகிக்க ஜோசியம் தேவையில்லை.

இன்னொரு தடயம் இன்னும் தெளிவானது. திங்கின் முதலில் கோல்டு கப் பட்டியலிலேயே இல்லை. பிறகு 25,000 பவுண்டு கட்டிச் சேர்த்தார்கள். அதே மெக்மனஸின் இன்னொரு குதிரை ஃபேக்ட் டு ஃபைல். அதுவும் லெபர்ட்ஸ்டவுனில் கலோபானிடம் தோற்றதுதான். அதைக் கோல்டு கப்பிலிருந்து விலக்கி, வியாழக்கிழமை இரண்டரை மைல் ரயன்ஏர் பந்தயத்துக்கு அனுப்பினார்கள், எளிதாக வென்றது. கிட்டப் போகிற குதிரையைக் கிட்டத்துக்கும், தூரம் போகிற குதிரையைத் தூரத்துக்கும் பிரித்து அனுப்பிய இந்த முடிவு பந்தயத்துக்கு முன்பே பகிரங்கமாகத் தெரிந்த செய்தி. குடும்பத்தையும் பார்க்கலாம். இதன் உடன்பிறந்த அக்கா லிமரிக் லேஸ், 2024இல் இதே செல்ட்னம் விழாவில் பெண் குதிரைகளுக்கான வேலிப் பந்தயத்தை வென்றது.

ஓட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். கலோபான் வேலிகளை வழக்கமான அழகோடு தாண்டவில்லை. கடைசி வேலிக்கு முன்பே திங்கின் பக்கத்தில் வந்து கடந்துபோய் ஆறு குதிரை நீளத்தில் வென்றது. அப்படியும் கலோபான் இரண்டாவதாக வந்ததே, அதை ஒரு வரியாவது பாராட்டி எழுதியிருக்க வேண்டாமா? உடம்பு ஒத்துழைக்காத நாளிலும் மேட்டில் விடாமல் ஏறிய குதிரை அது.

பான்பிரிட்ஜ் என்ற குதிரையைத் தாங்கள் இரண்டாம் வாய்ப்பாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். டிசம்பர் 26 அன்று கெம்ப்டனில் கிங் ஜார்ஜ் பந்தயத்தை வென்றது என்பது சரி. கெம்ப்டன் தட்டையான, வலப்பக்கம் சுற்றும் மைதானம், தூரம் மூன்று மைல். செல்ட்னமோ இடப்பக்கம் சுற்றும், மேடும் பள்ளமுமானது, தூரமும் அதிகம். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் சொன்னதால் வாசகருக்கு என்ன பயன்? முதல் மூன்று இடங்களுக்குள் அது வரவில்லை.

அன்றே உண்மையில் யாராலும் எடை போட முடியாத முடிவு ஒன்றும் வந்தது. அது முதல் பந்தயமான டிரையம்ஃப் ஹர்டில். வென்றது பொனிரோஸ், விகிதம் 100/1. அதற்கு முன் சமதளப் பந்தயங்களில் மட்டும் ஓடிய குதிரை, தடை தாண்டும் பந்தயத்தில் அன்றுதான் முதன்முதலாக ஓடியது. எல்லோரும் பேசிக்கொண்டிருந்த லுலாம்பா இரண்டாவது, ஈஸ்ட் இந்தியா டாக் மூன்றாவது. முன் ஓட்டமே இல்லாத குதிரையை எதை வைத்து அளப்பது? அதிர்ச்சி என்ற தலைப்பு இதற்குப் பொருந்தும். தங்கள் பக்கத்திலோ பொனிரோஸுக்கு இடமே இல்லை. 1990இல் 100/1 விகிதத்தில் கோல்டு கப்பையே வென்ற நார்டன்ஸ் காயின் நினைவுக்கு வருகிறது. வேல்ஸ் நாட்டில் பால்பண்ணை வைத்திருந்த சிரல் கிரிஃபித்ஸின் குதிரை அது. எல்லோரும் எதிர்பார்த்த டெசர்ட் ஆர்க்கிட் அன்று மூன்றாவதாக வந்தது.

இதெல்லாம் எதற்கு, ரேஸ் என்றாலே சூதுதானே என்று வாசகர்கள் சிலர் கேட்கலாம். 1974இல் தமிழக அரசு ரேஸைத் தடை செய்யச் சட்டம் கொண்டுவந்ததும், அந்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமையே மேலோங்கிய விளையாட்டு என்று தீர்ப்பளித்ததும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். பணம் கட்டிக் குடும்பங்கள் அழிவதை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் விகிதத்தை மட்டும் அச்சிட்டுவிட்டுக் குதிரையைப் பற்றி எதுவும் சொல்லாத பக்கம்தான் சூதாட்டத்துக்கு அதிகம் உதவுகிறது. குதிரையைப் பற்றிப் படிக்கிறவர் அதை ஓர் உயிராகப் பார்க்கத் தொடங்குவார்.

அப்படிப் பார்த்தவர்களால் நல்ல மாற்றங்களும் நடந்திருக்கின்றன. பிரிட்டனில் வேலிகளின் அடியிலும் விளிம்பிலும் இருந்த ஆரஞ்சு நிறத்தை 2022 முதல் வெள்ளைக்கு மாற்றத் தொடங்கினார்கள். குதிரையின் கண்ணுக்கு ஆரஞ்சும் புல்லின் பச்சையும் பிரிந்து தெரிவதில்லை என்று எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வு காட்டியதுதான் காரணம். விழுவதைக் குறைக்க எடுத்த இந்த முயற்சி பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும் என்பது என் ஆசை.

ஏப்ரல் 5ஆம் தேதி ஏன்ட்ரியில் கிராண்ட் நேஷனல் வருகிறது. நான்கேகால் மைலுக்கு மேல், 30 வேலிகள், 34 குதிரைகள். கோல்டு கப்பைப் போல அங்கே எல்லோருக்கும் ஒரே எடை கிடையாது, திறமைக்கு ஏற்ப எடை ஏற்றுவார்கள். ஆகவே முன்னோட்டத்தில் பெயருக்குப் பக்கத்தில் விகிதத்துக்கு முன்பாக எடையைப் போடுங்கள். சென்ற ஆண்டு வென்ற ஐ ஆம் மேக்சிமஸ் அப்போது சுமந்தது 11 ஸ்டோன் 6 பவுண்டு. இந்த முறை உச்ச எடையான 11 ஸ்டோன் 12 பவுண்டு. தூரமும் வேலிகளும் அதற்குப் புதிதல்ல, கூடுதல் ஆறு பவுண்டுதான் கேள்வி. வயது, கடைசி மூன்று ஓட்டங்கள், அந்த நாள்களின் தரை, விழுந்ததா, பாதியில் நிறுத்தப்பட்டதா என்பதையும் சேருங்கள். ஆங்கில ரேஸ் அட்டைகளில் எஃப் என்றால் விழுந்தது, யு என்றால் ஜாக்கி சரிந்தார், பி என்றால் நிறுத்தப்பட்டது. தமிழில் இதைக் கட்டம் போட்டு எழுதினாலே போதும்.

திங்கினுக்கும் கிராண்ட் நேஷனலில் இடம் உண்டு. எடைகள் கோல்டு கப்புக்கு முன்பே அறிவிக்கப்பட்டவை என்பதால், ஓடினால் அதன் இன்றைய தரத்துக்குக் குறைவான எடையோடு ஓடும். அதனால் விகிதம் இப்போதே சுருங்கிவிட்டது. தாங்களும் அதை முதல் வாய்ப்பாக எழுதக்கூடும். எழுதும்போது ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். ஒரே ஆண்டில் இரண்டையும் வென்றது 1934இல் கோல்டன் மில்லர் மட்டும்தான். இரண்டு பந்தயங்களுக்கும் நடுவே இப்போது இருப்பது 22 நாள். அப்படியொரு மேட்டில் தன் முழு பலத்தையும் கொடுத்துவிட்டு வந்த ஏழு வயதுக் குதிரைக்கு இந்த இடைவெளி போதாது, அடுத்த பருவம் வரை அது புல்வெளியில் ஓய்வெடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
குளோஸ்டர், இங்கிலாந்து