ஸ்பிரிங் மாற்றிய கார் ஏன் சரிந்து நிற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் இளைஞர்கள் காரின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங் போடுகிறார்கள், போடட்டும், ஆனால் ஒரு பக்கம் பதிந்து நிற்கிறது என்று திரும்பப் போனால் சில கராஜ்களில் "ஓட ஓடச் சரியாகும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். புது ஸ்பிரிங் கொஞ்சம் அமரும், உண்மைதான். இரண்டு பக்கமும்தானே அமரும்!

பெரும்பாலும் கோளாறு பூட்டிய விதத்தில்தான். ஜாக்கில் சில்லு தொங்கும்போதே லோவர் ஆர்ம் (சில்லை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) போல்ட்டை இறுக்கினால், உள்ளே இருக்கும் றப்பர் புஷ் முறுகியபடி பிடிபட்டு அந்தப் பக்கத்தைத் தூக்கியே வைத்திருக்கும். சில்லு தரையில் ஊன்றி வண்டியின் பாரம் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. அப்புறம் ஸ்பிரிங்கின் நுனி, அதைத் தாங்கும் தட்டிலுள்ள பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

அளப்பதும் கல்லடிக் கடற்கரை மணலில் அல்ல, மட்டமான சீமெந்துத் தரையில், டயர்களில் காற்று சமமாக இருக்க, சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை. சில மில்லிமீட்டர் வித்தியாசம் பெரிதல்ல. உயரம் மாறினால் வீல் அலைன்மென்ட்டும், அதாவது சில்லுகள் நிற்கும் கோணமும், மாறும், அதைப் பார்க்காமலே காரைக் கையில் தருபவர்கள் டயர் உள்பக்கம் தேய்ந்த பிறகு காசு தருவார்களா?

வாசகர்,
கல்லடி.