நேற்று நீ போனில் சொன்னதற்கு

பாப்பா,

நேற்று நீ பேசப் பேச நான் வெறும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்லுங்களேன் என்று அம்மா பக்கத்தில் நின்று ஜாடை காட்டிக்கொண்டே இருந்தாள், எனக்குத்தான் உடனே வாய் வரவில்லை. ராத்திரி முழுக்க அதுவே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ இரண்டு விஷயம் சொன்னாய். திரை வழியாக மொழி சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் பயிற்சி தொடங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் எட்டு இணையக் கருவி. வினாடி வினாவுக்கு ஒன்று, எல்லோரும் ஒரே பக்கத்தில் எழுத ஒன்று, வீடியோவுக்கு நடுவில் கேள்வி செருக ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனி பாஸ்வேர்டு. "மொழி சொல்லிக்கொடுக்க வந்தேன்ப்பா, பட்டன் தேடிக்கிட்டிருக்கேன்" என்றபோது உன் குரல் கம்மிவிட்டது. அப்புறம் போனை வைக்கப் போகும்போது இன்னொன்று சொன்னாய். வகுப்பில் வாயே திறக்காத அந்தப் பெண், குரல் பதிவு அனுப்பச் சொன்னதும் இரண்டு நிமிஷம் பேசி அனுப்பியிருக்கிறாள், அதுவும் ஏழு தடவை அழித்து அழித்துப் பேசி. முதல் விஷயத்துக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாய், இதற்கு அரை நிமிஷம். ஆனால் அந்த அரை நிமிஷத்தில்தான் எனக்கு என் மகள் குரல் கேட்டது.

நான் பயிற்சியில் இருந்தபோது எங்களுக்கு வந்த புதுக் கருவி மொழி ஆய்வகம். தடுப்பு வைத்த மேசைகள், ஆளுக்கொரு ஹெட்போன், கேசட். ஒருநாள் பிள்ளைகள் பேசிப் பதிந்து வைத்திருந்த கேசட்டுகளைக் கேட்கப் போய், ப்ளே பட்டனுக்குப் பதில் ரெக்கார்டை அழுத்திவிட்டேன். மூன்று பேருடைய பேச்சு அழிந்துபோனது. அதில் ஒரு பையன் ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தான். "பரவாயில்லை சார், மறுபடி பேசுறேன்" என்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அந்த அறைப் பக்கமே ஒரு மாதம் போகவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் ஆளில்லாத நேரத்தில் போய், காலி கேசட் ஒன்றைப் போட்டு என் குரலையே பதிந்து, அழித்து, பதிந்து, கை தானாக அந்தப் பட்டனுக்குப் போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீ கருவியைத் திட்டினாலும் உன்னைக் குத்துவது அது இல்லை. நமக்குத் தெரியவில்லை என்பது பிள்ளைகள் முன்னால் தெரிந்துபோகிறதே, அந்தக் கூச்சம்தான். புது மொழியில் வாய் திறக்கிற ஒவ்வொருவருக்கும் நிமிஷத்துக்கு நிமிஷம் அதே கூச்சம். அந்தப் பெண் ஏழு தடவை அழித்தது அதனால்தான். இப்போது உனக்கு அது உடம்போடு தெரிகிறது, எனக்கு அது எப்போதோ மறந்துவிட்டது.

சரி, உன் புலம்பலில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்டால் திரை முழுக்க மௌனம் என்றாயே, அது உன் குறையும் இல்லை, அவர்கள் குறையும் இல்லை. 10 மொழிகளில் பேச்சைப் பதிந்து பார்த்த ஓர் ஆய்வு 2009-இல் வந்தது. ஒருவர் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவில் சராசரியாக 0.2 நொடிதான் என்று அதில் சொல்கிறார்கள். வீடியோ அழைப்பில் குரல் போய்ச் சேரவே பல நேரம் அவ்வளவு ஆகிவிடும். அதனால்தான் இரண்டு பேர் ஒன்றாகத் தொடங்கி, இரண்டு பேரும் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க" என்று ஆகி, கடைசியில் யாருமே பேசுவதில்லை. நேர் வகுப்பிலேயே நாம் காத்திருப்பதில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளில் பார்த்தது இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடிபோலத்தான் பொறுக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகின்றன. திரையில் நீ பத்து நொடி கொடு. முதலில் யார் பேசப்போகிறார், அடுத்து யார் என்று முன்னாடியே சொல்லிவிடு.

வலி, வளி, வழி மூன்றையும் திரையில் சொல்லிக்கொடுக்க முடியவில்லை என்றாய். முடியாதுதான். நாக்கு உள்ளே மடங்குவதைக் கேமரா காட்டாது, மைக்கும் பாதியை விழுங்கிவிடும். அதை நேரலையில் இழுக்காதே. அமைதியான இடத்தில் நீயே பத்து நொடி பதிந்து அனுப்பு, அவர்கள் பதிந்து உன் குரலையும் தங்கள் குரலையும் மாற்றி மாற்றிக் கேட்கட்டும். நாங்கள் கேசட்டில் செய்ததும் இதேதான்.

சொல் அட்டைக்கு ஒரு செயலி கற்கச் சொல்கிறார்கள், தலை சுற்றுகிறது என்றாயே, அது உனக்குத் தெரிந்த பெட்டிதான் கண்ணு. நாலு வயதில் என் மேசை மேல் ஏறி ஐந்து அறை வைத்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துக் கலந்துவிட்டாயே, அதேதான். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு, அதை இன்னும் தள்ளித்தான் திரும்பக் கேட்போம், தப்பினால் திரும்ப முதல் அறைக்கு. லைட்னர் என்பவர் 1972-இல் எழுதிய முறை அது. அதற்கும் முன்னால் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து 1885-இல் எழுதிவிட்டார். 2006-இல் வந்த ஆன்கி என்ற சொல் அட்டைச் செயலியும் சொல்லை இடைவெளி விட்டுத்தான் திருப்பிக் கேட்கிறது, எந்த அட்டை என்றைக்கு என்ற கணக்கை அது பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

நேரம் வைத்து ஓட்டுகிற வினாடி வினா எனக்குப் பிடிக்கவில்லை. அதில் விரல் வேகமானவன் ஜெயிக்கிறான், மனசுக்குள் வாக்கியத்தைக் கட்டிக்கொண்டிருக்கிற பிள்ளை தோற்கிறது. பயிற்சி மதிப்பெண்ணுக்கு எட்டுக் கருவியையும் ஒருமுறை செய்து காட்டிவிடு, வகுப்புக்கு இரண்டை மட்டும் எடுத்துப் போ, குரல் பதிவும் சேர்ந்து எழுதுகிற பக்கமும். உன் போனில் மாணவியாக உள்ளே நுழைந்து அவர்களுக்கு என்ன தெரிகிறது என்று பார்த்துவிட்டு வகுப்பைத் தொடங்கு.

அந்தப் பெண்ணுக்குப் பதில் அனுப்பிவிட்டாயா? இல்லை என்றால் டைப் செய்யாதே, நீயும் குரலிலேயே அனுப்பு, அவள் பெயரைச் சொல்லித் தொடங்கு. ஞாயிற்றுக்கிழமை எனக்கும் அம்மாவுக்கும் உன் வகுப்பு லிங்கை அனுப்பு. நாங்கள் இரண்டு பேரும் மாணவர்களாக உட்காருகிறோம், எத்தனை தடவை வேண்டுமானாலும் தப்பான பட்டனை அழுத்திப் பழகிக்கொள்.

அப்பா