தேவாங்குக் கணக்கெடுப்பு வேலியோரமும் நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் சுமார் 11,806 ஹெக்டேர் பரப்பில், 2022இல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயம், நாட்டிலேயே அவ்வுயிருக்கென அமைந்த முதல் சரணாலயமாகும். தேவாங்கைக் கணக்கிடுவது யானையைக் கணக்கிடுவது போலன்று. இரவில் மட்டுமே நடமாடும் அது, ஆளரவம் கேட்டதும் கிளையோடு கிளையாக அசையாமல் நின்றுவிடுமாதலால், சிவப்புத் தாள் சுற்றிய விளக்கொளியில் கங்குகளாய் மின்னும் இரு கண்களைத்தான் எண்ணியாக வேண்டும்.

இப்பணி எல்லைக்கல்லோடு நின்றுவிடக் கூடாது. தேவாங்குக்கு எல்லைக்கல் தெரியாது. காட்டை ஒட்டிய முள்வேலிகளிலும் தோட்டங்களிலும் அதே பாதைகளில் ஆண்டுதோறும் கணக்கெடுத்து, சாலையில் அடிபட்டு இறப்பவற்றையும் தனியே பதிவு செய்யுமாறு வனத்துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திண்டுக்கல்.