வரிக்கு இடம் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் 19 வருடங்களாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் செய்கிறேன். போன மாதம் என் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை. முந்தின நாள் கொடுத்த சீட்டில் 'வெறும் வயிற்றில் வரவும்' என்ற வரி வெள்ளைத் தாளில் வெளிர் மஞ்சளில் இருந்தது. எழுபது தாண்டிய கண்ணுக்கு அது தெரியவே இல்லை. இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார், மறுநாள் மறுபடியும் அலைச்சல். என்னிடம் காட்டியிருக்கலாமே என்று மனசு கேட்கவில்லை.

நிறம் மட்டுமல்ல, வரிகளுக்கு நடுவே விடும் இடமும் முக்கியம். தமிழில் எழுத்துக்கு மேலே விலங்கும் ('கி', 'கீ' போன்றவற்றின் மேல் வளைவு) புள்ளியும் ஏறும், கீழே உகரச் சுழி இறங்கும். ஆங்கிலத்துக்கு விடும் இடைவெளியையே விட்டால் வரிகள் ஒன்றோடொன்று இடிக்கும். இடம் போதவில்லை என்று அகலத்தை நசுக்கினால் மூன்று சுழி 'ண', இரண்டு சுழி 'ன' இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிடும். ஃபான்ட் அளவைக் குறைப்பதைவிட வாசகத்தைக் குறைக்கலாம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பிரஷ் ஆர்ட்டிஸ்ட், எதிர் பிளாட்பாரத்தில் நின்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் போர்டை முடிப்பார்.

மருத்துவமனைகளும் ரேஷன் கடைகளும் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரே ஒரு பிரதி எடுத்து, வரிசையில் நிற்கும் ஒரு பெரியவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். எங்கள் வட்டாரத்தில் அறிவிப்புப் பலகையைத் திருத்த நினைப்பவர்கள் வந்தால், வடிவமைப்புக்கு நான் காசு வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு டி.டி.பி. கடைக்காரர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21