சண்டையில்லாத காலத்தில் ராணுவ டாக்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ராணுவ மருத்துவமனைகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். படுக்கைகள், கருவிகள் எல்லாம் சொல்லியிருந்தீர்கள். ஆனால் போரில் காயம்பட்டவர் பிழைப்பாரா என்பது பல நேரம் மருத்துவமனை வாசலுக்கு வருமுன்பே முடிவாகிவிடுகிறது. ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் உதவியாளராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

கால் சிதைந்து ரத்தம் பீறிட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். பக்கத்தில் இருக்கும் சக வீரர்தான் டூர்னிக்கே பட்டையைக் காயத்துக்கு மேலே சுற்றி, ரத்தம் நிற்கும்வரை அதிலுள்ள குச்சியை முறுக்க வேண்டும். கட்டிய நேரத்தையும் குறிக்க வேண்டும். பயிற்சியில் எங்கள் தொடையிலேயே ஒற்றைக் கையால் கட்டச் சொல்வார்கள். "வலிக்கலையா? அப்போ கட்டு சரியில்லை, மறுபடி கட்டு" என்பார் பயிற்சியாளர்.

அப்புறம்தான் யூனிட்டின் முதலுதவி நிலையம், அதற்குப் பின்னால் அவசர அறுவைக் குழு, கள மருத்துவமனை, கடைசியாகத் தாயகத்துப் பெரிய மருத்துவமனை. காயம்பட்டவரைப் போர்முனையிலேயே கவனித்து, படிப்படியாகப் பின்னால் அனுப்பும் இந்த யோசனைக்கு வயது அதிகம். நெப்போலியன் படையில் பேர்பெற்ற அறுவை மருத்துவர் லாரே, 1790களிலேயே காயம்பட்டவர்களை ஏற்றிவரக் குதிரை வண்டிகளைப் போர்முனைக்கு விட்டு, பதவியைப் பார்க்காமல் காயத்தைப் பார்த்து அவர்களைச் சிகிச்சைக்கு வரிசைப்படுத்தியவர்.

என் கவலை வேறு. போரில்லாத ஆண்டுகளில் ராணுவ டாக்டரிடம் வருவது காய்ச்சல், சுளுக்கு, வீரர்களின் குடும்பத்தார். சிதைந்த காலை அவர் எங்கே பார்ப்பார்? பனிப்போர் முடிந்ததும் பிரிட்டன் தன் ராணுவ மருத்துவமனைகளை ஒவ்வொன்றாக மூடி, டாக்டர்களைப் பொது மருத்துவமனைகளில் வேலை பார்க்க வைத்தது. கைக்குப் பழக்கம் விட்டுப்போகவில்லை, சரி. ஆனால் இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயம்பட்டவர்களை பர்மிங்காமில் சாதாரண வார்டில் படுக்க வைத்தபோது எதிர்ப்பு கிளம்பி, பிறகு ராணுவத்தினருக்கென்று வார்டு ஒதுக்க வேண்டியதாயிற்று. குண்டுவெடிப்பில் காலை இழந்தவருக்கு, அதைப் புரிந்த ஒருவர் பக்கத்துக் கட்டிலில் இருப்பதும் மருந்துதானே.

ஜெர்மனி தன் ராணுவ மருத்துவமனைகளை வைத்துக்கொண்டு, பொதுமக்களுக்கும் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. நள்ளிரவில் சாலை விபத்தில் அடிபட்டு வருபவருக்கும் உயிர் தப்பும்; டாக்டரின் கையும் பழகும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, படுக்கை எண்ணிக்கையோடு, அங்குள்ள அறுவை மருத்துவர் கடைசியாக எப்போது பெரிய காயம் ஒன்றைத் தைத்தார் என்றும் கேட்டு எழுதுங்கள்.

– முன்னாள் ராணுவ நர்சிங் உதவியாளர்