வெள்ளிக்கிழமை வேதப்பாடம்: நம் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆயர் ஐயாவுக்கும் சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

வேதப்பாடத்துக்கு ஆள் வருவதில்லை என்று போன கமிட்டிக் கூட்டத்தில் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். வந்துகொண்டிருக்கிற கொஞ்சப் பேரில் ஒருத்தியாகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை நடப்பது ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமேதான், மைக் சத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு. ஒருவர் பேசுகிறார், நாங்கள் பக்கத்தைப் புரட்டுகிறோம், ஜெபம், ஆசீர்வாதம், வீடு.

வருஷப் பிறப்பு ஆராதனையில் ஆளுக்கொரு வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, எரேமியா 29:11 யாருக்காவது வராமல் போயிருக்கிறதா? "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வடசென்னையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் எத்தனையோ வீட்டுச் சுவரில் இந்த வசனம் தொங்குகிறது. அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால்தான், பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம் அது என்பது தெரியும். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள், பொய்யாய்த் தீர்க்கதரிசனம் சொல்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள் என்கிறது. ஊர் திரும்ப 70 வருஷம் ஆகும் என்று பத்தாம் வசனத்தில் கணக்கும் இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் அந்த நாளைப் பார்த்திருப்பார்கள்? குடியிருந்த இடம் போய், பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்களின் சொந்தக்காரர்கள் நம் சபையில் இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து இந்த அதிகாரத்தை வாசிக்க வேண்டும், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பிரசங்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது அதில் கிடைக்காது, ஐயா.

நெகேமியா 8ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். வேதபாரகனான எஸ்றா எருசலேமின் தண்ணீர் வாசலுக்கு முன்னால் நியாயப்பிரமாணப் புத்தகத்தைக் காலையிலிருந்து மத்தியானம் வரை வாசிக்கிறார். ஆனால் ஜனங்களுக்கு விளங்க வைத்தவர்கள் என்று 13 பேரின் பெயர் வரிசையாக வருகிறது, அதுபோக ஆலய ஊழியம் செய்கிற மற்ற லேவியர்கள் வேறு. நமக்கு ஒரே ஒரு ஆயர்.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715இல். அப்புறம் 1772இல் நம் பக்கத்து வேப்பேரியிலேயே இன்னொரு ஜெர்மன் மிஷனரியான பப்ரிசியஸ் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அச்சானது. அவ்வளவு காலமாக நம் கையில் இருக்கிற புத்தகத்தை ஜிப் போட்ட உறையில் வைத்துக் கோவிலுக்குச் சுமந்துகொண்டு வருகிறோம்.

கமிட்டியின் பயமும் எனக்குப் புரிகிறது. ஆளாளுக்கு விளக்கம் சொன்னால் தப்பான உபதேசம் நுழையும், சண்டை வரும், சபை உடையும் என்பீர்கள். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் தெருவுக்குத் தெரு புதுச் சபைகள் முளைப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் இங்கே கேள்வி கேட்டால் "விசுவாசத்தோடு இரும்மா" என்று அடக்கப்படுகிற பிள்ளைகள்தான் அங்கே போய் உட்காருகிறார்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர்களை நற்குணசாலிகள் என்றுதான் அந்தப் புத்தகத்தை எழுதின லூக்கா சொல்கிறார்.

சரி, என்ன செய்யலாம்? முதலில், கோவிலில் வேண்டாம், வீடுகளில் நடக்கட்டும். எட்டுப் பத்துப் பேர் போதும். நேரத்தை அந்தந்தத் தெருவே முடிவு செய்யட்டும். மணலியில் ஷிப்டுக்குப் போகிறவருக்கும், விடியுமுன் மீன் எடுக்கப் போகிற அக்காவுக்கும் ராத்திரி ஏழரை மணி ஒத்துவராது. பலகாரம் கூடவே கூடாது. ஒரு வீட்டில் டீ, அடுத்த வீட்டில் போண்டா, அதற்கடுத்து கேசரி என்று ஏறிக்கொண்டே போய், முடியாத வீட்டுக்காரர்கள் "எங்க வீடு சின்னதுங்க" என்று ஒதுங்கிவிடுவார்கள். தண்ணீர் போதும்.

முதலில் புதிய ஏற்பாட்டிலிருந்து யாக்கோபு நிருபத்தை, அதாவது யாக்கோபின் கடிதத்தை எடுக்கலாம். ஐந்தே அதிகாரம். முதல் நாள் யாரும் விளக்கம் சொல்லாமல் முழுவதையும் சத்தமாக வாசித்துவிட வேண்டும், அரை மணி நேரம்கூட ஆகாது. சபையில் கேட்பதற்காக எழுதின நிருபத்தை ஒரே மூச்சில் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? அடுத்தடுத்த வாரங்களில் மெதுவாகப் போகலாம். பொன் மோதிரக்காரருக்கு நல்ல இடம் கொடுக்கிற இரண்டாம் அதிகாரத்தில் நம் முன் வரிசை பெஞ்சைப் பற்றிப் பேச்சு வரும், வரட்டும். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிற ஐந்தாம் அதிகாரத்தைப் பற்றிச் சொல்ல காண்ட்ராக்ட் வேலை செய்கிறவர்களிடம் நிறைய இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். வரிசையாக ஆளுக்கு ஒரு வசனம் என்று யாரையும் வாசிக்கச் சொல்லக் கூடாது. எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்கள் அந்தப் பயத்திலேயே வரமாட்டார்கள். பள்ளிக்கூடமே போகாத பாட்டிமார் சிலருக்குச் சங்கீதங்கள் மனப்பாடம், வாசிக்கிறவர் தடுமாறினால் எடுத்துக் கொடுப்பதே அவர்கள்தான். ஐயா மாதம் ஒரு முறை வந்து, பதில் தெரியாமல் நின்ற கேள்விகளை எடுத்துக்கொண்டால் போதும். அன்றைக்கும் நாற்காலி போட மாட்டோம், எல்லோரோடும் பாயில்தான்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை விவாதத்துக்கு எடுங்கள். முடிவு வரும்வரை எங்கள் தெருவில் ஆரம்பித்துக்கொள்ள அனுமதி வேண்டும். ஆபீஸ் அறை அலமாரியில் பெரிய எழுத்து வேதாகமங்கள் பூட்டிக் கிடக்கின்றன. சாவியை, கோவிலைப் பார்த்துக்கொள்கிற நம் கோவில் குட்டியாரிடம் கொடுத்து வையுங்கள், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சபையின் அங்கத்தினர் ஒருத்தி